மூன்று குரலுக்குத்தான் இடம்

எங்களிடம் நாலு வருடத்துக்கு மேல் இருந்த அந்தப் போனுக்கு ஒரு தடவைகூட அழைப்பு வந்ததில்லை. மாங்குளத்தில் அப்போது சிக்னல் கிடையாது. வவுனியாவில் இருந்தது. ஓமந்தையைத் தாண்டி எங்கள் பக்கம் வரவரக் கோடு கோடாகக் குறைந்து, கனகராயன்குளத்துக்கு வருமுன்னரே செத்துப்போகும் என்று லொறிக்காரர்கள் சொல்வார்கள். கதைக்க வழியில்லாத போனை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கதைத்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

என் கணவர் அதை வவுனியாவில் ஒரு கடையில் பழையதாக வாங்கினார். மடக்குகிற போன். சாம்பல் நிறம். மேல்மூடியில் பெருவிரல் நகமளவு கண்ணாடி, அதில் நேரம் தெரியும். திறந்தால் உள்ளே ஒரு சின்னத் திரை, கீழே எழுத்து அழிந்த பொத்தான்கள். படம் எடுக்காது, பாட்டுப் பாடாது, தமிழ் தெரியாது. கூட்டிக் கழிக்கும். காலையில் எழுப்பிவிடும். மேலிருந்து உருண்டைகள் விழ, கீழே ஒரு தட்டால் ஏந்தி ஏந்திப் பிடிக்கிற விளையாட்டு ஒன்று இருந்தது. உள்ளே சிம் இல்லாவிட்டால் இதில் ஒன்றுக்குமே விடாது என்பதால் காலாவதியான சிம் ஒன்றை அதற்குள்ளேயே விட்டிருந்தோம். அந்தச் செத்த சிம்மை வைத்துக்கொண்டு அது ஓயாமல் சிக்னல் தேடும். தேடித் தேடியே இரண்டு நாளில் பற்றரியைக் குடித்து முடித்துவிடும். அதனால் தேவைக்கு மட்டும் திறப்பது, மற்ற நேரம் நிறுத்திவைப்பது என்று பழகினோம். சார்ஜ் போடச் சந்தியிலிருந்த சைக்கிள் கடைக்குப் போகவேண்டும். அங்கே மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றிலிருந்து வயர் இழுத்துப் போட்டுத் தருவார்கள்.

என் கணவர் எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் கடைசி ஆணிவரைக்கும் ஆராய்ந்து பார்க்கிறவர். என்னை மட்டும்தான் ஆராயாமல் கட்டினார் என்று நான் நக்கல் அடிப்பதுண்டு. அப்படி ஆராய்ந்ததில்தான் போனுக்குள் குரல் பதிகிற இடம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு பதிவு ஒரு நிமிடம். மொத்தம் மூன்று பதிவு. அதற்குமேல் கொள்ளாது.

அவர் முதலில் ஊரிலேயே இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டினவர். மற்றவர்களின் வயலை உழுது கொடுப்பார். டீசல் தட்டுப்பாடு வந்ததும் இயந்திரம் கொட்டிலுக்குள் நின்றுவிட்டது. வவுனியாவில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குப் போனார். தொடக்கத்தில் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். சண்டை திரும்பத் தொடங்கியதும் அது நின்றுபோனது. வவுனியா அரசின் கையில், எங்கள் பக்கம் புலிகளின் கையில். அவருடைய வயதில் ஒரு ஆண் உள்ளே வந்தால் மறுபடி வெளியே போக அனுமதி கிடைப்பது நிச்சயமில்லை. உழைப்பு அங்கே, நானும் மகளும் இங்கே. கிளிநொச்சியில் போன் பேசுகிற கடைகள் இருந்தன. அங்கே வரிசையில் நின்று, பின்னால் நிற்கிற பத்துப் பேர் கேட்கக் கணவனோடு கதைக்கவேண்டும். எனக்கு அது சரிவரவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கடைகளையும் பூட்டிவிட்டார்கள்.

அதனால் போனையே கடிதம்போல அனுப்பத் தொடங்கினோம். கொண்டுபோனவர் ஒரு நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போகவைக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று அவருடையது. சமாதான காலத்தில் திரும்பிவந்து, கருவாடு வாங்கி வவுனியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய லொறி மாங்குளம் சந்தியால்தான் திரும்பும். இரண்டு போன் வைத்திருந்தால் சோதனைச்சாவடியில் கேள்வி வரும் என்று தன்னுடையதை வீட்டில் விட்டுவிட்டு எங்களுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். இரண்டு பக்கமும் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களாம். போன் எப்போதும் கருவாடு மணக்கும். துணியால் எவ்வளவு துடைத்தாலும் அந்த மணம் போகாது.

"நான் உங்கட கதை ஒண்டும் கேக்கிறேல்ல, தங்கச்சி. அல்லா அறிய" என்பார் நானா. அது உண்மை. ஆனால் வழியெல்லாம் அந்த உருண்டை பிடிக்கிற விளையாட்டை விளையாடுவார். ஒவ்வொரு தடவையும் விளையாட்டின் உச்சப் புள்ளி ஏறியிருக்கும், பற்றரி இறங்கியிருக்கும். நான் முகத்தைச் சுளித்தால், "சாவடியில நாலு மணித்தியாலம் நிக்கிறனான், பாவம் பாத்து விடுங்கோ" என்பார்.

மூன்று பதிவுக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு. போன் கைக்கு வந்ததும் மற்றவர் சொன்னதைக் கேட்பது, பிறகு தன்னுடைய பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பேசுவது. தன் குரலைத்தான் அழிக்கலாம். மற்றவரின் குரலில் கைவைக்கக்கூடாது. இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. தானாக அப்படி வந்துவிட்டது.

ஒரு நிமிடம் என்பது நினைக்கிற அளவு பெரிதில்லை. என் கணவர் அதில் முதல் பத்து விநாடியை "ஹலோ, ஹலோ, கேக்குதோ?" என்று கேட்டே கழிப்பார். இது போன் இல்லை, பதிவுதான், யாரைக் கேட்கிறீர்கள் என்று எத்தனை தரம் சொல்லியும் திருந்தவில்லை. பிறகு மில்லில் உமித் தூசி, இருமல், சாப்பாட்டுக் கடைச் சொதியில் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு போக, முக்கியமானதைச் சொல்ல வாயெடுக்கும்போது டுக் என்று அறுந்துவிடும். மிச்சம் என்ன என்று, போன் திரும்பி வரும்வரை மூன்று கிழமை மண்டையைப் போட்டு உடைப்பேன். நான் அப்படியில்லை. முதலில் அலுவல், பிறகு குறை, நேரம் மிஞ்சினால் பாசம். பெரும்பாலும் மிஞ்சாது.

மகளுக்கு அப்போது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அவள் தன் நிமிடத்தில் எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி எதுவரைக்கும் போகமுடியுமோ அதுவரைக்கும். முதல் தடவை முப்பத்தொன்பதில் அறுந்தது. தகப்பன் அதைக் கேட்டுவிட்டு, "குஞ்சு, அடுத்த முறை நூறு வரைக்கும் போகவேணும்" என்று தன் நிமிடத்தில் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் வீட்டைச் சுற்றி ஓடியோடி எண்ணிப் பழகினாள். அறுபது வந்தது, எழுபத்திரண்டு வந்தது. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் அவள் வாய் ஓயாது.

கடைசியாகப் போன் வந்தபோது நானாவின் முகம் சரியில்லை. இனி எப்போது வருவாரோ தெரியாது, பாதையை எந்த நேரமும் மூடலாம் என்றார். லொறி சந்தியில் நிற்கிறது, கெதியாக வாங்கோ என்று சொல்லி வேலியடியில் நின்றார். நான் போனைக் கொண்டுபோய்க் குசினிக்குள் இருந்து திறந்தேன்.

அந்த முறை என் கணவர் ஒழுங்கை உடைத்திருந்தார். தனக்குச் சொல்லவேண்டியது ஒரு நிமிடத்துக்குள் அடங்காது என்று என் பழைய பதிவை அழித்துவிட்டு, அந்த இடத்திலும் தானே பேசியிருந்தார். இந்த முறை ஹலோ சொல்லவில்லை. முதல் நிமிடம் முழுவதும், தனக்கு அங்கே நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, பிள்ளையும் நீயும் தனிய நிக்கிறதை நினைக்க ஏலாமல் கிடக்கு என்று. இரண்டாம் நிமிடத்தில் இப்படிச் சொன்னார்.

"இஞ்சரப்பா, நான் ஒரு முடிவுக்கு வந்திட்டன். நீங்கள் வெளியில வரேலாட்டி நான் உள்ளுக்கு வாறன். நடக்கிறது எல்லாருக்கும் சேத்து நடக்கட்டும். நீ வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லு, நான் கேப்பன். நீ ஒண்டும் சொல்லாட்டி, நானா திரும்பி வந்து போனைத் தந்த அடுத்த கிழமை நான் வெளிக்கிட்டு வருவன்."

நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. என்ன சொல்லவேண்டும் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. வரக்கூடாது. நாங்கள் வெளியே போக அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். கிடைத்தால் போவோம், கிடைக்காவிட்டால் ஒருவராவது வெளியே உயிரோடு இருக்கட்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் மகள் முந்திக்கொண்டாள். போனைப் பறித்து, தன் பழைய எண்ணிக்கையைத் தானே அழித்து (அந்தப் பொத்தான் வரிசை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்), மூச்சு விடாமல் எண்ணத் தொடங்கினாள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. நூறுக்குப் பிறகுதான் அறுந்தது. அவள் குசினிக்குள் துள்ளிய துள்ளலில் பானை மூடி விழுந்தது. "அப்பாட்டச் சொல்லுங்கோ, அப்பாட்டச் சொல்லுங்கோ" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது மூன்று இடமும் நிறைந்துவிட்டது. இரண்டில் அவர், ஒன்றில் அவள். நான் பேச ஒன்றை அழிக்கவேண்டும். அவருடையதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வவுனியாவிலும் ஆட்கள் வீதியில் காணாமற்போய்க்கொண்டிருந்த காலம் அது. நாளைக்கு ஒன்று நடந்தால் இந்த இரண்டு நிமிடம்தான் மிஞ்சும் என்று நினைத்தேன். மகளுடையதை அழிக்கலாம். அவள் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றையும் அழிக்காமல் பதிவுப் பொத்தானை அமத்தினேன். நிறைந்திருக்கும்போது அமத்தினால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. அது மறுக்கவில்லை. திரையில் கோடு ஓடத் தொடங்கியது. நான் பேசினேன். "வராதேங்கோ. சொல்லுறதைக் கேளுங்கோ, வராதேங்கோ. நாங்கள் அனுமதிக்குக் குடுத்திருக்கிறம், கிடைச்சவுடன வாறம். நீங்கள் அங்கயே இருங்கோ. நீங்கள் அங்க இருக்கிறதுதான் எங்களுக்குத் தெம்பு." இன்னும் சொன்னேன். அந்த முறை பாசத்துக்கும் நேரம் மிஞ்சியது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடத்தில் நேருக்கு நேர் சொல்லாததெல்லாம் அந்த நிமிடத்துக்குள் சொன்னேன்.

முடிந்ததும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, கடைசியில் கேள்விக்குறியோடு. வேலியடியில் நானா கூப்பிட்டார். "தங்கச்சி, லொறி நடு றோட்டில நிக்குது!" நான் மூடியை மடக்கினேன். வழக்கமாக அப்படித்தான் முடிப்போம். கொண்டுபோய் நானாவின் கையில் கொடுத்தேன். "நல்லாக் கேக்கச் சொல்லுங்கோ நானா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆங்கில வரி எதை அழிக்க என்று என்னிடம் கேட்டிருக்கிறது. பதில் சொல்லாமல் மடக்கினால், கடைசியாகப் பேசியதை விட்டுவிடும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் என்னைத் தின்றது அதில்லை. அவரை வரவேண்டாம் என்று சொல்லுங்கோ என்று நானாவிடம் வாயால் சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு வேலை. புருசன் பெண்சாதிக் கதையைப் பிறத்தியாரிடம் ஏன் சொல்லவேண்டும் என்று விட்டேன். அதுதான் போனுக்குள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் அவர் வந்து படலையைத் திறந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு சொப்பிங் பை நிறைய மகளுக்கு உடுப்பு. உமித் தூசியால் இமை மயிரெல்லாம் வெள்ளை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அது நரை என்று விளங்கியது. மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நூறு எண்ணினியே குஞ்சு! மில்லில எல்லாருக்கும் போட்டுக் காட்டினனான்" என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஒண்டும் சொல்லேல்ல. அதான் வந்திட்டன்."

நான் அவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, பையிலிருந்த போனை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்தேன். முதலாவது அவர். இரண்டாவது அவர். மூன்றாவது நூறு வரைக்கும். நான் எங்கும் இல்லை. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குழம்பைச் சூடாக்கினேன்.

அவர் வந்து நாலாம் நாள் பாதையை மூடினார்கள். எங்கள் அனுமதி வரவேயில்லை. என் பதில் போய்ச் சேர்ந்திருந்தாலும் நானும் மகளும் உள்ளேதான் கிடந்திருப்போம். அவர் ஒருவர்தான் வெளியே இருந்திருப்பார்.

பிறகு எல்லோரும் நடந்த வழியில் நாங்களும் நடந்தோம். மாங்குளத்திலிருந்து இரணைமடுப் பக்கம், அங்கிருந்து கிழக்காக, பிறகும் கிழக்காக. ஒவ்வோர் இடத்திலும் அவர் நிலத்தை வெட்டிப் பதுங்குகுழி அமைத்தார், நான் தறப்பாளைக் கூரையாகக் கட்டினேன், மகள் எண்ணுவதை விட்டுவிட்டாள். போன் எந்த இடத்தில் தவறியது என்று தெரியாது. தேடவும் இல்லை. சார்ஜ் போட எங்கும் வழியில்லாமல் அது எப்போதோ செத்துவிட்டது. அவருடைய இரண்டு நிமிடமும் அதோடு போனது.

ஒருநாள் காலை கஞ்சி வாங்கி வந்து தறப்பாளின் கீழ் இருந்தோம். மகள் என் மடியில் படுத்திருந்தாள். அவர் திடீரென்று கேட்டார்.

"இஞ்சரப்பா, அண்டைக்கு நீ ஏன் ஒண்டும் பேசாமல் போனைக் குடுத்துவிட்டனி?"

பேசினேன் என்று சொல்லலாம். வராதேங்கோ என்றுதான் சொன்னேன், மூடியை மடக்கியதில் போய்விட்டது என்று சொல்லலாம். அவருடைய காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. கஞ்சியில் பாதியை மகளுக்கென்று மிச்சம் வைத்திருந்தார். அந்த மனிதனைப் பார்த்து, நீங்கள் சும்மா வந்துவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வாங்கோ எண்டு வாயால சொல்ல வெக்கமாக் கிடந்துது" என்றேன். "அதான் பேசாமல் விட்டனான்."

அவர் சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒருதரம்தான். "எனக்குத் தெரியும்" என்றார். "அதை நான் அண்டைக்கே விளங்கிட்டன்."

ஒன்பது நாள் கழித்து அவர் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. பக்கத்துத் தறப்பாள்காரர் இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். குழி வெட்டவும் அவர்களே உதவினார்கள். மத்தியானத்துக்கு முன்னர் எல்லாம் முடிந்துவிட்டது. நான் கையைக் கழுவிவிட்டு மகளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அந்த நாளை நினைத்தால் தறப்பாளின் நீலம்தான் தெரிகிறது.

மகள் இப்போது என்னைவிட உயரம். எங்களுக்குள் சண்டை இல்லை, ஆனால் அவள் என்னோடு அளந்துதான் கதைப்பாள். காரணம் எனக்கு நெடுநாளாகத் தெரியாது. போன முறை தகப்பனுடைய திவசத்துக்குக் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நான் அண்டைக்கு உங்கட மடியில நித்திரை கொள்ளேல்ல அம்மா. நீங்கள் அப்பாட்டச் சொன்னது எனக்குக் கேட்டது. நீங்கள் வரவேண்டாமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா வவுனியாவில இருந்திருப்பார்."

நான் கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் எதை அழிக்காமல் விட்டேன் என்பதையும் சொல்லவேண்டி வரும். அந்த நூறை அவள் இன்னும் மறந்திருக்கமாட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "நான்தான் சொல்லேல்ல."